ஜன்னல் கம்பியைத் தொட்டவர்

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சொந்த முயற்சியில் விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆபீஸ் நடத்துகிறேன்; பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். என்னை யாரும் லேசில் அசத்திவிட முடியாது. அவர் அசத்தினார்.

இருட்டில் விளக்குப் போட எழுந்த என் வீட்டுக்காரி விழுந்து இடுப்பொடிந்து கிடந்தாள். அவள் படுத்தபடியே விளக்குப் போட வழி செய்யத்தான் அந்த எலெக்ட்ரானிக்ஸ்காரரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பை நிறைய ஒயர். கட்டிலில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் ஒரு சின்னச் சில்லு வைஃபையில் செய்தி அனுப்பும். கூடத்துப் பெட்டி அதை வாங்கி விளக்குக்குச் சொல்லும் என்றார்.

சில்லை எடுக்கும்போதெல்லாம் முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டார். எங்கள் ஆபீஸில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கச் செம்புத் தகட்டைத் தொடுவது போலவே இருந்தது.

"இதென்ன, வெடிச்சிருமோன்னு பயப்படுதீகளா?" என்றேன்.

"எனக்கென்ன பயம், அண்ணாச்சி. என் ஒடம்புல இருக்க கரண்டு பட்டா இது செத்துரும். அப்புறம் அக்கா மறுபடி இருட்டுல எந்திரிக்கணும்."

என் உயிருக்குப் பயந்து தகட்டைத் தொட்டே காலத்தை ஓட்டியவன் நான். என்னால் வேறொன்று கெட்டுவிடுமோ என்று பயந்து ஒருநாளும் தொட்டதில்லை.

இப்போது அந்தப் பொத்தானைத் துடைக்கப் போனாலும் என் கை முதலில் கம்பிக்குப் போகிறது.

"ஆபீஸுன்னு நெனப்போ?" என்று சிரித்தபடி அவளே விளக்கைப் போடுகிறாள்.