பேபி அன்ரி பாங்கொக் பார்த்த கதை

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில்லில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பேபி அன்ரிக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்தநாள் வீடுகளில் யாராவது பயணக் கதை எடுத்தால் போதும், "பாங்கொக்கோ? நான் அங்க மாசக்கணக்கா இருந்தனான்" என்று முந்திக்கொள்வார். "அப்ப என்னென்ன பாத்தனீங்கள் அன்ரி?" என்று கேட்டால் மட்டும் சுருதி இறங்கிவிடும்.

"மழை" என்பார், பலகாரத் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தபடி.

அது பொய்யில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வரும் வழியில், ஆட்களைக் கள்ளமாக வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை வேறு சில பெண்களோடு பாங்கொக்கில் ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தான். விசா முடிந்துவிட்டது, பொலிஸ் கண்டால் சிறைதான். யன்னல் சீலையை விலக்கக்கூடாது என்பது அவன் கட்டளை. இரவு பகலாகத் தகரக் கூரையில் மழை கொட்டுவது கேட்கும். சீலையில் இருந்த ஒரு கிழிசல் வழியாகத் தூரத்தில் ஒரு பொன் கோபுரத்தின் நுனி மட்டும் தெரியும். இருபத்திரண்டு வயதுப் பெண் பார்த்த பாங்கொக் அவ்வளவுதான். அந்தக் கோபுரத்தின் மிச்சத்தையும் ஒருநாள் பார்த்தே தீருவது என்று அப்போதே மனதுக்குள் பிடிவாதம் பிடித்துவிட்டார்.

போன வருடம்தான் அது கைகூடியது. மகள் கஜனி தடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, ஜூலை அங்க ரெய்னி சீசன். டிசம்பர்ல போவம்."

"டிசம்பர்ல என்ர பஸ்ஸை ஆர் ஓடுறது? எனக்குப் பள்ளிக்கூடம் பூட்டேக்கதான் லீவு. அதோட, மழை பெய்யாத பாங்கொக் எனக்குத் தெரியாது."

அந்தப் பொன் கோபுரம் நின்ற கோயில் ஒரு சின்ன மலையின் உச்சியில் இருந்தது. அடிவாரத்துத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். குடை பிடித்துக்கொண்டு வீறாப்பாக நடந்தவர், எதிரே ஒரு பொலிஸ்காரனைக் கண்டதும் சட்டென்று அன்னாசிப் பழக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். பாழாய்ப்போன கால்கள், முப்பது வருடமாகியும் அவற்றுக்குப் புத்தி வரவில்லை! பொலிஸ்காரன் அவரை நோக்கியே வந்தான். அவன் வாய் திறப்பதற்குள், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கனடாப் பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அவன் திருதிருவென்று விழித்தான். பாஸ்போர்ட்டைத் தொடவேயில்லை. தெருவில் நின்ற தண்ணீரைக் காட்டி அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

"அம்மா, ரிலாக்ஸ்! முன்னுக்குத் தண்ணிக்குள்ள பெரிய கிடங்கு இருக்காம், விழாம மற்றப் பக்கத்தால போகட்டாம். தட்ஸ் இட்."

பேபி அன்ரிக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரொறன்ரோ உறைபனியில் ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவள் அன்னாசிப் பழத்துக்குப் பின்னால் ஒளிவதா? விறுவிறுவென்று அவனிடமே திரும்பிப் போனார்.

"கஜனி, இவரோட என்னை வைச்சு ஒரு படம் எடு."

அவனும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

பிறகு மூச்சு வாங்க வாங்கப் படியேறினார். மேலே கோபுரம், நுனி முதல் அடி வரை முழுசாக, மழையில் நனைந்துகொண்டு நின்றது. கீழே பரந்து கிடந்த கூரைகளுக்குள் தன் அறையைத் தேடிப் பார்த்தார். பிடிபடவில்லை. "எங்கையோ உதுக்குள்ளதான் கிடந்தனான்" என்று மகளுக்குக் கையை நீட்டிக் காட்டினார். அழுகை வரும் என்று பயந்திருந்தார். வரவில்லை. பெருமையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோபுரத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

திரும்பி வந்தபோது, ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர், எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார். முதன்முதலில் வந்திறங்கிய அன்று, இதே விமான நிலையத்தில்தான் ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த ஒரே ஆங்கிலச் சொல்லை, "றெஃபியூஜி" என்று விம்மி விம்மிச் சொன்னார். இம்முறை கஜனியை முந்திக்கொண்டார்.

"சைட்சீயிங்!"

"இந்த மழைக்காலத்தில் அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று அதிகாரி சிரித்தார்.

"எல்லாம்" என்றார் பேபி அன்ரி.