பெருமாளுக்கு மாமனார்

சோலைக்குப்பத்தில் பெருமாளை மாப்பிள்ளை என்று கூப்பிடும் பாத்தியதை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டின் தலைமகன் பக்கிரி. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. நல்ல உயரம், கொஞ்சம் கூன். பேச்சு குறைவு. கடலுக்குப் போகாத நாட்களில் வாசலில் உட்கார்ந்து வலை பொத்துவார். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ஊரே அவர் குரலைக் கேட்கும்.

அந்த நாள் மாசி மகம். மேல்நல்லூர்ப் பெருமாள் அன்றைக்குத் தீர்த்தவாரிக்காக எங்கள் கரைக்கு வருவார். அவர் ஏன் இங்கே வருகிறார் என்பதற்கு ஊரில் ஒரு கதை இருக்கிறது.

மகாலட்சுமிக்கும் பெருமாளுக்கும் ஏதோ சண்டை. அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு, பிறந்த வீடான கடலுக்கே போய்விட்டாள். அப்போது இந்தக் கரையில் நீலவாணன் என்று ஒரு வலைக்காரன் இருந்தான். பிள்ளை இல்லாதவன். ஒருநாள் அவன் வலையில் சங்கோடு சங்காக ஒரு பெண்குழந்தை கிடந்தது. எடுத்து வளர்த்தான். குழந்தை பெரியவளானாள். தேடிக்கொண்டு வந்த பெருமாள், மூட்டை தூக்கும் வழிப்போக்கன் மாதிரி வேஷம் போட்டு வாசலில் நின்று பெண் கேட்டார். நீ என்ன சாதி, எந்த ஊர், உனக்குக் கட்டுமரம் உண்டா என்றெல்லாம் நீலவாணன் கேட்டான். எதற்கும் பதில் இல்லை. அடித்து விரட்டாத குறையாக அனுப்பிவிட்டான். மறுநாள் பார்த்தால் பெண்ணைக் காணவில்லை. கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நல்லூர் வரைக்கும் போனான். கோயிலுக்குள் தாயார் சன்னதியில் தடம் முடிந்தது. கல்லுக்குப் பின்னால் பெண்ணின் முந்தானை மட்டும் தெரிந்தது. ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பிவை என்று அழுதான். இந்தப் படிக்குள் வந்தவள் இனிமேல் படி தாண்ட மாட்டாள், அவளுக்குப் பதில் வருஷா வருஷம் நான் வருகிறேன், அவள் சேதியை என்னிடம் கேட்டுக்கொள் என்றாராம் பெருமாள்.

இன்றைக்கும் மேல்நல்லூர்த் தாயார் கோயிலை விட்டு வெளியே வருவதில்லை. பெருமாள் மட்டும்தான் வருவார், டிராக்டரில், தனியாக. கரையில் பந்தல் போட்டிருப்போம். நீலவாணன் வம்சம் என்று சொல்லப்படுகிற பக்கிரி, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டியும் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவையும் தட்டில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். கூட்டம் அடங்கும். அவர் சத்தமாகக் கேட்பார்:

“மாப்ள, எம்பொண்ணு நல்லாருக்காளா?”

பெருமாளுக்காகத் தேவநாத பட்டர் பதில் சொல்வார்: “நன்னா இருக்கா. நீங்க குடுத்ததைக் கட்டிப்பா.”

அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்தக் கேள்வி முடிந்தால்தான் பெருமாள் கடலில் இறங்குவார். அந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எல்லாரும் எங்கிருந்தோ இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள், அல்லது மகளை எங்கேயோ கட்டிக்கொடுத்தவர்கள்.

பக்கிரியின் மனைவி தில்லையம்மாளை அலை கொண்டுபோனது. 2004 மார்கழியில் அது. வீடும் போய்விட்டது. அவரும் மகள் மகேஸ்வரியும் மிஞ்சினார்கள். அடுத்த மாசி மகத்துக்குப் பெருமாள் வரவே வேண்டாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். கடலைப் பார்க்கவே பிடிக்காத நாட்கள் அவை. பக்கிரி மட்டும், வருகிறவரை வராதே என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். பந்தல் இல்லை, மேளம் இல்லை. நிவாரணத்தில் வந்த வேட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது சுற்றி நின்றவர்கள் ஒரு கைப்பிடிதான். நானும் நின்றேன்.

பிறகு அரசாங்கம் மேட்டுத்தெருவில் வீடு கட்டிக் கொடுத்தது. எங்களுக்கு அங்கேயும் எதிர்வீடாகவே அமைந்தது. மகேஸ்வரி அப்போது சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் வேதியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சமையலும் அவள்தான். சாயங்காலம் அப்பனும் மகளும் ஒரே தட்டில் வறுத்த மீனை வைத்துக்கொண்டு சாப்பிடுவது எங்கள் வாசலிலிருந்து தெரியும். படிப்பு முடிந்ததும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் ஜெயசீலனைப் பார்த்தாள். கடலூர் முதுநகர்ப் பையன். கிறிஸ்தவக் குடும்பம், வேறு சாதி. ஒரு வருஷம் கம்பெனி பஸ்ஸிலேயே பேசிப் பழகி, 2007 ஆவணியில் பதிவாளர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பக்கிரிக்குச் சேதி வந்தது கல்யாணம் முடிந்த பிறகு.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பெருமாளுக்குச் சீர் வைக்கிற வீடு சுத்தமாக இருக்க வேண்டும், அந்தப் பெண் வாசல் மிதித்தால் பாத்தியதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும் என்று தீர்மானம் ஆயிற்று. நீலவாணன் கதையில் சாதி கேட்டு விரட்டியவன் யார், விரட்டப்பட்டவர் யார் என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நானும் வாய் திறக்கவில்லை. பக்கிரியைக் கேட்டார்கள்.

“அவ வரமாட்டா,” என்றார் பக்கிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆனால் அவள் வந்தாள். ஐப்பசி மழையில், நனைந்த முக்காட்டோடு, தனியாக. பக்கிரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று மழையில் கேட்கவில்லை. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் முன்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். என் மனைவி குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். குடை வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டாளாம்.

அதற்குப் பிறகு வந்த மாசி மகத்தில்தான் அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று எங்களுக்குப் புரிந்தது. பக்கிரி தட்டோடு நின்றார். “மாப்ள, எம்பொண்ணு நல்லாருக்காளா?” என்று கேட்டார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நன்னா இருக்கா என்று பட்டர் சொன்னதும் தலையை ஆட்டி, நிஜமாகவே ஒரு சேதியைக் கேட்டுக்கொண்டவர் மாதிரி ஒதுங்கி நின்றார்.

அடுத்தடுத்த வருஷங்களும் அப்படியே போயின. மகேஸ்வரிக்குப் பெண்குழந்தை பிறந்தது, மோனிகா என்று பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் சிப்காட்டில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூலம் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். கேட்டுக்கொள்ள மாட்டார். கடலிலிருந்து வந்து, ஒருவருக்கு மட்டும் உலை வைத்து, முற்றிலும் இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுவார். சில நாள் விளக்குகூடப் போட மாட்டார். என் மனைவி குழம்பு கொடுத்தனுப்பினால் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் மட்டும் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. பக்கிரி வீட்டுப் பின்பக்கத்துச் சமையல் கொட்டகையின் ஷீட்டு எங்கேயோ பறந்துவிட்டது. முன்பக்கம் பூவரச மரம் வாசலை மறித்து விழுந்து கிடந்தது. கரண்டு இல்லை, ரோடெல்லாம் மரம். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கயிறும் ரம்பமும் தண்ணீர் கேனும் கட்டியிருந்தது. ஜெயசீலன். நான் அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பக்கிரி அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தை அறுக்க ஆரம்பித்தான். பழக்கமில்லாத கை. ரம்பம் அடிக்கடி மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கிரி எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக இழுத்தார்கள். மதியத்துக்குள் மரம் வாசலை விட்டு நகர்ந்தது. கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டி முடித்த பிறகு ஜெயசீலன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். நான் ரோட்டில் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்ததால் அவன் சொன்னது காதில் விழுந்தது.

“மாமா, நீங்க நல்லாருக்கீங்களான்னு மகேஷ் கேக்கச் சொன்னா.”

“அதான் பாத்தியே. போய்ச் சொல்லு.”

அவன் உடனே கிளம்பவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பக்கிரி தார்ப்பாயின் முடிச்சை இழுத்துப் பார்க்கப் போய்விட்டார். அவன் கிளம்பினான்.

அந்த மாசியில் பெருமாள் வழக்கம்போல வந்தார். புயலுக்குப் பின் பந்தலுக்குத் தென்னங்கீற்று கிடைக்காமல் சாமியானா போட்டிருந்தோம். பக்கிரி தட்டோடு முன்னால் வந்தார். கூட்டம் அடங்கியது. அவர் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. பட்டர், கேளுங்கோ என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார். பக்கிரி பெருமாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பக்கத்தில் நின்ற தம்பி மகன் கொளஞ்சியின் கையில் தட்டைக் கொடுத்தார்.

“நீ கேளுடா. என்னால ஆவல.”

மணலில் ஏறி நடந்தார். பின்னால் கொளஞ்சி தடுமாறித் தடுமாறிக் கேட்பதும் பட்டர் பதில் சொல்வதும் மேளம் எழும்புவதும் கேட்டன. அவர் திரும்பவில்லை. நான் பின்னாலேயே போனேன். எங்கே என்றேன். முதுநகர் என்றார். சீர் வைக்கக் கட்டியிருந்த புது வேட்டியோடேயே பஸ் ஏறினார். என்னையும் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏறிக்கொண்டேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தது ஜெயசீலனின் தாயார் அமிர்தம். பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார். வாங்க அண்ணே என்று நாற்காலி போட்டார். வீட்டில் வேறு சத்தமே இல்லை. கொடியில் ஒரே ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. பக்கிரி அதைப் பார்த்தார்.

மஸ்கட்டில் ஜெயசீலனுக்கு வேலை கிடைத்து, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போன மாதமே போய்விட்டான் என்றார் அமிர்தம். புயலுக்கு அப்புறம் உங்கள் ஊருக்கு வந்தது அதைச் சொல்லத்தான், சொல்லாமலேயே திரும்பி வந்துவிட்டான், அவள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

பக்கிரி எழுந்திருக்கப் பார்த்தார். அமிர்தம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, செல்லை எடுத்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது. எடுத்து, ஒன்றும் பேசாமல் பக்கிரியின் காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

“சொல்லுங்க அத்தை.”

பக்கிரி செல்லைக் கையில் பிடித்துக்கொண்டார். “நல்லாருக்கியாம்மா?” என்றார்.

“யாருங்க?”

பக்கிரி செல்லைக் காதிலிருந்து எடுத்து அமிர்தத்தைப் பார்த்தார். அந்தம்மாள் குனிந்து, “உங்க அப்பா வந்திருக்காரும்மா” என்றார். செல்லை மறுபடியும் அவர் காதில் வைத்தார். நான் வெளியே வந்து ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டேன். பக்கிரி என்ன பேசினார், பேசினாரா என்று எனக்குத் தெரியாது. ஊர் திரும்புகிற வழியில் நானும் கேட்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் அவராகவே, கொழந்த ஏதோ பாஷை கலந்து பேசுது என்று மட்டும் சொன்னார்.

பாத்தியதையைப் பஞ்சாயத்து கொளஞ்சி பேருக்கு மாற்றியது. மாற்றுவதற்கு முன்பே, தாமே விட்டுவிடுவதாகப் பக்கிரி சொல்லியிருந்தார். பட்டுப்புடவை வாங்கும் கடையைக் கொளஞ்சிக்குக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

ஒரு செல் வாங்கிக்கொண்டார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மத்தியானம் அழைப்பு வரும். மூவரும் மாறி மாறிப் பேசுவார்கள். ஜெயசீலன் மாமா என்று கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்பான். இவர் சாப்பிட்டதைச் சொல்வார். பேச்சு அதற்கு மேல் போகாது. அடுத்த வருஷம் லீவுக்கு வருவதாக மகேஸ்வரி சொல்லியிருக்கிறாள். எந்த மாதம் என்று அவர் கேட்கவில்லை.

நல்ல மீன் கிடைத்தால் சனிக்கிழமை முதுநகருக்கு எடுத்துப்போகிறார். அங்கேயும் வீட்டில் ஒரே ஆள்தானே. அமிர்தம் மீனை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஆய்வார். பக்கிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கழுவிய பையை வாங்கிக்கொண்டு, நேரத்தோடு பஸ் ஏறி வந்துவிடுகிறார்.