குழாய்க்குள் தூங்கும் மாமா

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கேள்விப்பெட்டி. சின்ன வயதில் தொற்றிய வியாதி. அப்பா படுக்கையில் சொல்லும் பூதக் கதையைப் படுத்துக்கொண்டே கேட்கலாம். அதே அப்பா காலையில் சொல்லும் சாமிக் கதையை மட்டும் எழுந்து நின்று கேட்க வேண்டும். "ரெண்டுலயும் ஆளு பறக்குறாரு, ரெண்டுலயும் மலை நகருது. அப்புறம் ஏம்ப்பா இதுக்கு மட்டும் நிக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மா தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். குட்டு வலித்ததே தவிர, கேள்வி அப்படியேதான் இருந்தது.

வளர்ந்தபின் சாமி கும்பிடுவதை விட்டுவிட்டாள். அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்கிறவள் இல்லை. அவள் கட்டிக்கொண்ட வேன் டிரைவரோ விழுந்து விழுந்து கும்பிடுகிறவர். எப்படித்தான் ஒத்துப்போகிறது என்று யாராவது கேட்டால், "அவர் கும்பிடுற நேரத்துல நான் கொஞ்சம் கூடத் தூங்கிக்கிறேன்" என்பாள்.

வேலை, ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிள்ளைகள் காப்பகத்தில். மேல் மாடிகளில் அம்மாக்கள் கம்ப்யூட்டர் தட்டுவார்கள். கீழே அவர்களுடைய வாண்டுகள் இவள் பிராணனை வாங்கும். அங்கே இருந்த படப்புத்தகம் ஒன்றில் இடிச் சாமி ஒருவர் உண்டு. எந்தக் காலத்திலோ, எந்த நாட்டிலோ, அவர் பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கியிருக்கிறது. இப்போது அவர் தாடிக்கு இந்தப் பிள்ளைகள் பச்சைக் கலர் அடித்து வைத்திருந்தார்கள். அவருக்கு வேலை போன நாள் எது, கடைசியாகக் கும்பிட்ட ஆள் யார் என்று அவள் அடிக்கடி யோசிப்பாள். கதை எப்போது சாமியாகிறது, சாமி எப்போது மறுபடி கதையாகிறது? யாரைக் கேட்பது!

இப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பிள்ளைகளுக்கு உயரம் போதாதென்று கைகழுவும் தொட்டியைத் தாழ்வாகக் கட்டியிருந்தார்கள். கழுவுவார்கள், குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடுவார்கள். மத்தியானத்துக்குள் மாடித் தொட்டி காலி. கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் குழாய் கடகடவென்று சத்தம் போட்டபோது வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள்: "உள்ள தூங்குமூஞ்சி மாமா குறட்டை விடறாரு. குழாய் திறந்திருந்தா பாவம், அவருக்கு முழிப்பு வந்துடும்."

அவ்வளவுதான்! அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே மாமாவுக்கு வீடு வந்தது, மாடித் தொட்டிக்குள். பிறகு பெண்டாட்டி வந்தாள். கைகழுவும் தொட்டியருகே எல்லாரும் குசுகுசுவென்று பேச வேண்டும் என்றானது. இதில் எதையும் அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. விதை போட்டவளே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தண்ணீர் இறங்கும் ஓட்டையில் பிஸ்கட் துண்டு போட ஆரம்பித்தார்கள். எடுக்கப் போனவளை ஒரு சிறுமி தடுத்தாள்: "அது மாமாவோடது ஆன்ட்டி." ரெட்டைச்சடை என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள். மாமா என்ன நினைக்கிறார் என்பது அவளுக்கு மட்டும் கேட்குமாம். யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை, அவளாகவே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடேங்கப்பா! எங்க சாமியெல்லாம் வேணாம்னவ, குழாய்க்கு ஒரு சாமி உண்டாக்கிட்டியே!"

"சும்மா இருங்க. அது வெறும் கதை" என்றாள். அப்போது அப்படித்தான் நம்பினாள்.

சிட்டு என்று கூப்பிடப்பட்ட குட்டிப் பெண் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவள் ஒரு சாயங்காலம் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் போதாத காலம், மறுநாள் கட்டடத்தின் மோட்டார் புகைந்து நின்றது. குழாயில் தண்ணீர் இல்லை, சத்தமும் இல்லை. ரெட்டைச்சடை தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்: "மாமா போயிட்டாரு. சிட்டுதான் எழுப்பி விட்டுட்டா."

மோட்டாரைச் சரிசெய்து தண்ணீர் வந்த பிறகும் சிட்டுவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் தொட்ட பந்தை யாரும் தொடவில்லை. நாலு வயதுக் குழந்தை, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தன் கால் விரலோடு பேசிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை சிட்டு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அலறினாள். அவள் அம்மா கையைப் பிசைந்தாள். "இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி. இவளை வேற எங்க விடுவேன்? எனக்கு யாரும் இல்ல."

கேள்விப்பெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி விளையாட்டு இல்லை. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள்: "தூங்குமூஞ்சி மாமான்னு யாருமே இல்ல. நான்தான் கட்டிவிட்டேன்."

பிள்ளைகள் ரெட்டைச்சடையைப் பார்த்தார்கள். அவள் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "ஆன்ட்டி மேலயும் மாமாவுக்குக் கோவம். அதான் ஆன்ட்டிக்கு அவர் தெரியல" என்றாள்.

அடி என் செல்லமே! வாளியை வைத்து, தொட்டிக்கு அடியில் இருந்த வளைந்த குழாயைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே முடிக்கற்றையும் ஊறிப்போன பிஸ்கட்டும்தான் இருந்தன. "பாருங்க, யாராவது இருக்காங்களா?"

"பாத்தீங்களா, நிஜமாவே போயிட்டாரு!" என்று ஒரு பிள்ளை அழ, அதைப் பார்த்து எல்லாரும் அழ, சிட்டு எல்லாரையும்விடப் பெரிதாக அழுதாள்.

அன்று இரவு வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாள். கணவர் சிரிக்காமல் சொன்னார்: "போனவர் திரும்பி வந்துட்டாருன்னு சொல்லிடேன். மன்னிச்சுட்டாருன்னு சொல்லு. உன் கதைதானே."

"பொய்யை மூட இன்னொரு பொய்யா?"

"குழந்தை அழுதுல்ல?"

அவள் ஆட்சேபம் பொய்யில் இல்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. எந்தக் கதையிலும் பொய் உண்டு. பூதக் கதை யாரையும் சுவரோரம் உட்கார வைத்ததில்லை. மன்னிக்கிற மாமா நாளைக்குத் தண்டிக்கவும் செய்வார். ஆனாலும் அந்த அம்மாவின் வேலை? காலையில் வேறு வழியில்லாமல், மாமா மன்னித்துவிட்டார் என்றே சொல்லிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனாள்.

அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. சிட்டு அம்மா கையை விட்டுவிட்டுத் தானே நடந்து வந்தாள். வட்டத்துக்கு நடுவில் நின்றாள். "மாமா எங்க வீட்டுக்கு வந்தாரு. மோட்டார் சத்தத்துலதான் முழிச்சாராம். என்மேல கோவமே இல்லியாம்."

"என்ன போட்டிருந்தாரு?" என்று ரெட்டைச்சடை மடக்கினாள்.

"ஈரத் துண்டு."

ஈரத் துண்டு என்றதும் எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. குழாயில் இருப்பவர் வேறென்ன கட்டுவார்! ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். இன்னொருத்தி பந்தை உருட்டிவிட்டாள். சிட்டுவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். கேள்விப்பெட்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எவ்வளவு சமர்த்து இந்தப் பெண்!

சாப்பாட்டுக்கு முன்னால் சிட்டுவின் கையைக் கழுவிவிடும்போது மெதுவாகக் கேட்டாள். "கண்ணு, நிஜமா வந்தாரா?"

சிட்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தாள். "வரல ஆன்ட்டி. நீங்க சொன்ன மாதிரிதான் நானும் சொன்னேன்."

அப்பாடா என்றிருந்தது. அள்ளி அணைத்துக்கொண்டாள். இந்த அறையில் தன்னோடு சேர்ந்து விவரம் தெரிந்த ஆள் இன்னொருத்தி!

"மாமா இன்னொண்ணும் சொன்னாருன்னு சாப்பிடும்போது சொல்லப்போறேன்" என்றாள் சிட்டு, தோளில் முகத்தை வைத்தபடி. "ரெட்டைச்சடை பக்கத்துல இனிமே யாரும் உக்காரக் கூடாதாம்."

கேள்விப்பெட்டி அவளை இறக்கிவிட்டு, மண்டியிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "அப்படிச் சொன்னா அவ எப்படி அழுவான்னு உனக்குத் தெரியும்ல? நீயும் அழுதியே."

"தெரியும்" என்றாள் சிட்டு. "அதுக்குத்தான்."