மில்லிமீட்டர் அக்கா அளக்காமல் கொடுத்த சிலிண்டர்

பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் அந்தக் கடையில் பதினாறு வருடமாக அவள்தான் எல்லாம். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர் அக்கா. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கேட்டு யார் வந்தாலும், "பழசைக் கொண்டு வந்தீங்களா?" என்பாள். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அந்தச் சிலிண்டர்தான். அதன் உள்துளையை அளக்காமல் புதியதைத் தரவே மாட்டாள்.

அன்று வந்தவர் அவளுடைய அக்காள் கணவர். போன வாரம்தான் பழைய லாரி ஒன்று வாங்கியிருந்தார். அது பட்டறையில் நின்றது.

"சீக்கிரம் குடும்மா, மெக்கானிக் காத்துக்கிட்டு இருக்காரு" என்று வந்ததும் வராததுமாகக் குதித்தார். அத்தானிடம் போய்க் கறார் காட்டுவானேன் என்று, லாரியின் மாடலையும் வருடத்தையும் மட்டும் கேட்டு, உதிரிபாகப் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொண்டுவந்த பழைய சிலிண்டரை மேசைமேலேயே போட்டுவிட்டு அவர் பறந்தார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அது கண்ணில் பட்டது. கை சும்மா இருக்கவில்லை, அளந்தாள். இருபத்தைந்து மில்லிமீட்டர். கொடுத்து அனுப்பியதோ இருபத்திரண்டு. சாப்பாட்டை மூடி வைத்தாள். போன் செய்தாள், அத்தான் எடுக்கவில்லை. இருபத்தைந்து மில்லிமீட்டர் சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து டயர்க்காரரிடம் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குப் போனாள்.

மெக்கானிக் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "ஒரு மணி நேரமா பிரேக் குழாய்ல இருந்து காத்து எடுக்கிறேன்க்கா, பெடல் அடி வரைக்கும் போகுது."

"காத்து இல்லைங்க. நான்தான் சின்ன சைஸைக் குடுத்துட்டேன்."

அத்தான் இடுப்பில் கைவைத்தார். "ஊருக்கெல்லாம் அளந்து குடுப்ப, எனக்கு மட்டும் குத்துமதிப்பா?"

அவள் முகம் சுண்டிவிட்டது. சக்கரத்தருகே குனிந்து பார்த்தாள். லாரியை முன்பு வைத்திருந்தவர் வேறொரு பெரிய லாரியின் பிரேக்கை இதில் மாட்டியிருந்தார். அதற்குக் கூடுதல் எண்ணெய் வேண்டும். புத்தகத்துக்கு அது எப்படித் தெரியும்?

"அப்ப இன்னும் பெருசாவே போட்டுரலாமே?" என்றார் அத்தான்.

"போட்டா பெடல் கல்லு மாதிரி ஆயிடும். மிதிச்சு மிதிச்சு உங்க காலுதான் வீங்கும்."

புதியதை மாட்டி, காற்றெடுத்து முடித்ததும் அவளே ஏறி மிதித்துப் பார்த்தாள். பாதி வழியில் பெடல் திடமாக நின்றது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அத்தான் அவளை லாரியிலேயே கடைக்குக் கொண்டுபோய் விட்டார். ஆளில்லாத தெருவில்கூட அடிக்கொரு தரம் பிரேக் போட்டார்.

"போதும் அத்தான், பிடிக்குதுன்னு நம்பிட்டேன்! கொஞ்சம் ஓட்டவும் செய்யுங்க."