பின்கதவு திறக்கும் வரை

இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தையல்நாயகி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கம்பூட்ஸ் வாங்கிக்கொண்டதற்கு ஒன்று, தொப்பிக்கும் கிளவுஸுக்கும் ஒன்று, ‘பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன், புரிந்துகொண்டேன்’ என்று எழுதியிருந்த தாளில் ஒன்று. பயிற்சி அதற்குப் பிறகுதான் நடந்தது. இருபது நிமிஷம் சுவரில் படம் ஓடியது. பாதி இங்கிலீஷ். ஏசிக் குளிரில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். தையல்நாயகியும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இருக்கிறது அந்தக் கம்பெனி. இறாலை உரித்துக் கழுவி, அம்மோனியா கேஸில் ஓடுகிற மெஷினில் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சுற்றுவட்டத்துப் பெண்கள் இருநூறு பேர் வேலை பார்க்கிறார்கள். தையல்நாயகி ஓமந்தூர்ப் பக்கம். வீட்டுக்காரர் பாண்டுரங்கனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார். பத்தாவது வரை படித்தவள் என்பதாலும், எதையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொள்வாள் என்பதாலும், உரிக்கிற மேசையில் ஆறு வருஷம் நின்ற பிறகு அவளை சேஃப்டி கிளாஸுக்கு உதவியாளாகப் போட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உருப்படிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் வேலை.

கிளாஸ் எடுப்பவர் இருதய அருண். வானூரிலிருந்து பைக்கில் வருகிற சின்ன வயசு ஆபீசர். நல்ல பையன்தான். ஆனால் படித்ததை அப்படியே சொல்வார்.

“அம்மோனியா கசிவு ஏற்பட்டால் காற்று வீசும் திசைக்கு எதிராக வெளியேற வேண்டும்” என்று அவர் ஒருநாள் சொன்னபோது, எதிரே இருந்த பதினோரு பெண்களும் தலையை ஆட்டினார்கள். தையல்நாயகிக்கு அந்த ஆட்டல் தெரியும். அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஆட்டினாள்.

“சார், நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்று எழுந்தாள். பெண்கள் பக்கம் திரும்பினாள். “களத்துல மல்லாட்டை தூத்தறீங்க. தூசி மூஞ்சில அடிக்காம இருக்கணும்னா எந்தப் பக்கம் நிப்பீங்க?”

“காத்து வர்ற பக்கம்” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“அதேதான். கேஸும் தூசி மாரிதான் போவும். காத்து எங்கேந்து வருதோ அந்தப் பக்கமா போய்க்கினே இருங்க.”

அருண் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பாதி கிளாஸை அவளிடமே விட்டார். மூச்சு முட்டினால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது, ஹாலின் பின்கதவு வழியாக ஓடுவது, வெளியே வந்தவுடன் ஆள் கணக்கு எடுப்பது, வந்த பிறகு எதற்காகவும் திரும்பி உள்ளே போகாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் அவள் தன் பேச்சில் சொன்னாள். கூரைமேல் கட்டியிருந்த, காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிற துணிக்குழாயை வெளியே கூட்டிப்போய்க் காட்டினாள்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. வைகாசியில் சேர்ந்த ஒரு கும்பலில் கோவிந்தம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள்.

“எல்லாம் சரிக்கா. பின்கதவு பின்கதவுன்றியே, அது எங்க இருக்குது? போய்ப் பாத்துட்டு வந்துடலாமே” என்றாள்.

அதுவும் நியாயம்தான் என்று தையல்நாயகி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். ஹாலின் கிழக்குக் கோடியில் தெர்மாகோல் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால்தான் கதவு. பெட்டிகளை நகர்த்திப் பார்த்தால், கதவில் பூட்டு. பூட்டில் துரு.

புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் திருமுருகன் சத்தம் கேட்டு வந்தார். “இன்னாம்மா, பெட்டியை எல்லாம் கலைச்சிக்கினு?”

“கதவு பூட்டிக் கெடக்குது சார்.”

“சரக்கு வெளிய போவக்கூடாதுன்னு பூட்டினது. பெட்டி வைக்க வேற எடம் ஏது? நீ ஜல்தியா கையெழுத்து வாங்கிட்டு ஆளுங்கள அனுப்பு. லோடு வந்து நிக்குது.”

“தொறக்காத கதவைக் காட்டி, தெரிஞ்சிக்கினேன்னு எப்டி சார் கையெழுத்து வாங்கறது?”

“நீ இன்னா ஆபீசரா?”

“இல்லைங்க. ஆனா கதவு தொறக்கற வரைக்கும் நான் வாங்கமாட்டேன்.”

கத்திப் பேசவில்லை. தாள்களை அடுக்கி அருணின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் அவள் பெயர் மறுபடி உரிக்கிற மேசைப் பட்டியலில் இருந்தது. அருண் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்து போனார். அது அவளுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பாண்டுரங்கனிடம் சொன்னபோது, “உனுக்கு ஏன் இந்தப் பேஜாரு?” என்று கேட்டுவிட்டு, பிறகு அவரே, “பூட்டி வெச்சது தப்புதான்” என்றார்.

அருண் சும்மா இருக்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. பூட்டையும் பெட்டிகளையும் போட்டோ எடுத்து நேராக மேனேஜருக்கு அனுப்பியிருந்தார். பத்தாம் நாள் பெட்டிகள் வேறு ஷெட்டுக்குப் போயின. பூட்டை அறுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ் போட்டார்கள். ஆனால் தையல்நாயகியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கிளாஸ் பழையபடி இருபது நிமிஷமாயிற்று. முதலில் கையெழுத்து, அப்புறம் படம். அந்த நாட்களில் சேர்ந்தவள் சின்னபொண்ணு. தையல்நாயகிக்கு எதிர் மேசையில் நின்று உரித்தாள்.

ஆனி மாதம், மதியம் மூன்றரை இருக்கும். கண் எரிந்தது. அடுத்த நிமிஷமே மூத்திர நெடி மாதிரி ஒன்று மூக்கைப் பிடித்துக் குத்தியது. மெஷின் ரூம் பக்கமிருந்து சங்கு ஊதிற்று. பெண்கள் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் கேட்டை நோக்கி ஓடப் பார்த்தார்கள். தினமும் வேன் நிற்கிற இடம், கால் அங்கேதான் போகும். மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வீசும். மெஷின் ரூமுக்கு மேற்கேதான் கேட்டு இருந்தது. நெடி முழுக்க அந்தப் பக்கம்தான் போகும்.

“அங்க போவாதீங்க! கெழக்கால! கெழக்கால வாங்க!” என்று தையல்நாயகி தொண்டை கிழியக் கத்தினாள். துண்டை இறால் கழுவுகிற தண்ணீரில் முக்கி மூக்கில் வைத்துக்கொண்டு பின்கதவைத் தள்ளினாள். திறந்தது. அவளிடம் பாடம் கேட்டிருந்த பெண்கள் மற்றவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். முந்திரித் தோப்பு வரைக்கும் யாரும் நிற்கவில்லை.

தோப்பில் ஆள் எண்ணினாள். அன்றைக்கு ஹாலில் அறுபத்துநாலு பேர். எண்ணிக்கை அறுபத்துமூன்றில் நின்றது. இன்னொரு தடவை எண்ணினாள். எதிர் மேசை ஆள் இல்லை.

“சின்னபொண்ணு எங்க?”

“கதவாண்ட வந்துட்டு திரும்பிப் போனா. ரூமுல பை இருக்குதுன்னா” என்றாள் கோவிந்தம்மாள்.

ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. உடை மாற்றுகிற அந்த ரூம் மெஷின் ரூமை ஒட்டி இருந்தது. திரும்பி உள்ளே போகாதீர்கள் என்று ஒரு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். போகவில்லை. போனைப் போட்டு, “சார், பொம்பளைங்க டிரெஸ் மாத்தற ரூமு, ஒருத்தி உள்ள மாட்டிக்கினா” என்று அருணிடம் சொன்னாள். பிறகு அங்கேயே நின்றாள். தன் வாழ்க்கையில் வேறெந்த ஐந்து நிமிஷமும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை என்று பின்னால் பாண்டுரங்கனிடம் சொன்னாள்.

முகமூடி மாட்டிய அருணும் ஒரு மெக்கானிக்கும் சின்னபொண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சோடு பையை அணைத்திருந்தாள். மூச்சு இருந்தது. கண் திறக்க முடியவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் தையல்நாயகி ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனாள். கண்ணில் கட்டு எடுத்திருந்தார்கள். பேச்சு கரகரத்தது. தையல்நாயகி கட்டிலோரம் உட்கார்ந்து, மனசில் கிடந்ததைச் சொன்னாள்.

“நான் முரண்டு பண்ணாம அந்த கிளாஸுலயே இருந்திருந்தா, உனுக்கும் சொல்லியிருப்பேன். அதான் எனுக்குத் தாங்கல.”

சின்னபொண்ணு தலையை ஆட்டி மறுத்தாள். “நீ சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்க்கா. பையில எம் பொண்ணு டென்த் மார்க் ஷீட்டு, டீசி எல்லாம் இருந்துது. அன்னிக்கி சாயங்காலம் ஸ்கூலுல குடுக்கணும். கேஸு கசிஞ்சா தீப் புடிச்சி அல்லாம் எரிஞ்சிடும்னு நெனச்சிக்கினேன்.”

திரும்பும் பஸ்ஸில் தையல்நாயகி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். நல்லபடியாகச் சொன்னால் கேட்பார்கள் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தாள். பிள்ளையின் மார்க் ஷீட் அங்கே கிடந்தால் யார் சொல்லி யார் கேட்பார்கள்? சின்னபொண்ணு இடத்தில் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா, மாட்டேனா என்று அவளுக்கே தெரியவில்லை.

விபத்தைப் பற்றி அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். ஒரு வால்வின் பழைய வாஷர் கிழிந்திருந்தது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு மேனேஜர் ஒரு கூட்டம் போட்டுத் தையல்நாயகியையும் கூப்பிட்டார். கதவு விஷயத்தில் அவள் செய்தது சரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். திருமுருகன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற என்னம்மா பண்ணணும்?” என்று மேனேஜர் கேட்டார்.

“பை வைக்கற ரூமை மெஷினாண்டேந்து எடுத்து, பின்கதவுக்கு வெளிய போட்டுடுங்க சார். ஓடற வழியில பை இருந்தா யாரும் திரும்பிப் போவமாட்டாங்க.”

ரூம் கட்டி முடிக்க இரண்டரை மாதமாயிற்று. நடுவில் மூன்று தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவளுக்காகத் திருமுருகனே போய்க் கேட்டார். கிளாஸ் இப்போது இரண்டு மணி நேரம். அருணும் அவளும் சேர்ந்து எடுக்கிறார்கள். எல்லோரும் ஒருமுறை பின்கதவைத் தள்ளித் திறந்து தோப்பு வரைக்கும் நடந்துவிட்டு வர வேண்டும். மைக்கில் பேசுவது மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை, ஓரமாக வைத்துவிடுவாள்.

சின்னபொண்ணு ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினாள். ஒரு மாதத்துக்கு மேல் வராதவர்கள் கிளாஸில் மறுபடி உட்கார வேண்டும் என்பது இப்போது சட்டம். சலித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“உனுக்கு நடந்ததை இவங்களுக்கு நீயே சொல்றியா?” என்று தையல்நாயகி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“வேணாம்க்கா. அப்பறம் அல்லாரும் என்னை அந்தக் கேஸுக்காரின்னு கூப்புடுவாங்க.”

“சரி, வுடு.”

அன்றைக்கு யார் பெயரையும் சொல்லாமல்தான் பாடம் நடத்தினாள். தோப்புக்கு நடக்கும்போது சின்னபொண்ணு எல்லோருக்கும் முன்னால் போனாள். கொஞ்சம் இருமல் இருந்தது. தன் பெண் திண்டிவனத்தில் பதினொன்றாம் வகுப்பு சயன்ஸ் குரூப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று பக்கத்தில் வந்த புதுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.