கொஞ்சம் தள்ளி நில்லு

மேலச் சித்திரை வீதி மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள் போன பிறகு ஆனந்தவள்ளிக்கு இன்னொரு வேலை உண்டு. தகரத் தகட்டை வளைத்து நிறுத்துவாள். அதன்மேல் மெழுகை உருக்கி வழியவிடுவாள். முன்னால் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடித்தாளைக் கசக்கித் தொங்கவிட்டு, பின்னாலிருந்து விளக்கைப் போட்டுப் படம் எடுப்பாள். படத்தில் ஆள் இருக்காது, இன்ன பொருள் என்றும் தெரியாது. நிறமும் வெளிச்சமும்தான். கன்டோன்மென்ட் ஓட்டல் ஒன்றில் சிலதை மாட்டியிருக்கிறார்கள். சாப்பிட வருகிறவர்கள், "இதுல எதுங்க மேல் பக்கம்?" என்று கேட்பார்களாம்.

கணவர் பாலு இருந்தவரை அவருக்கு இதெல்லாம் பிடிக்கும். விளக்கை மட்டும் அவர்தான் வைப்பார். அவள் குறுக்கே வந்தால், "கொஞ்சம் தள்ளி நில்லு வள்ளி, நெழலு விழுது" என்பார்.

ஊரில் பாதி வீடுகளில் மாலை போட்டுத் தொங்கும் படங்கள் பாலு எடுத்தவை. கல்யாணத்துக்குப் பிறகு அவரை யாரும் எடுக்கவில்லை. கேமரா எப்போதும் அவர் கையில்தானே இருந்தது? கல்யாணப் படத்தில் நிற்கும் மீசைக்காரரை மகள் யமுனாவுக்கே அடையாளம் தெரியாது. ஆதார் படத்தைப் பெரிதாக்கினால் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தது. வருஷ திதி நெருங்கிவிட்டது. ஒரே ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது ஆனந்தவள்ளிக்கு.

முசிறியிலிருந்து வாழைத்தாரோடு வந்த கொழுந்தன் காத்தமுத்து, மேசைமேல் கிடந்த அவளுடைய புதுப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அண்ணன் படம் கெடைச்சிருச்சா? சொல்லவே இல்லையே அண்ணி!"

"எங்க?"

"இந்தா, செவப்புக்குப் பக்கத்துல. எடது தோளைச் சாய்ச்சுக்கிட்டு."

யமுனா எட்டிப் பார்த்தாள். "அம்மா... அப்பாதாம்மா."

அவர்கள் காட்டிய இடத்தில் இருந்தது தகரத்தின் இரண்டாவது வளைவு. வளைத்தவள் அவள்.

"எனக்குத் தகரம்தான் தெரியுது."

"கண்ணாடிய மாத்துங்க அண்ணி" என்றான் காத்தமுத்து. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவில் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. விளக்குத் தாங்கியில் பாலு கை துடைக்கும் துண்டு, அவர் போட்டபடியே தொங்கியது. ஓ, அவர்கள் பார்த்தது இதன் நிழலா? பாரம் இறங்கியது, கொஞ்சம் கோபமும் வந்தது. துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தாள்.

யமுனா புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுலயும் அப்பா இருக்காங்கம்மா. கொஞ்சம் தள்ளி நிக்கிறாங்க."

திதியன்று அந்தப் படத்துக்குத்தான் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். வந்தவர்கள் யாரும் இது யார் என்று கேட்கவில்லை. ஆனந்தவள்ளியும் தன் பங்குக்குத் தகரத்தைக் கும்பிட்டாள்.

எல்லோரும் போன பிறகு மாடியேறினாள். தகரத்தையும் தாளையும் பிரித்துப் போட்டுவிடுவது என்றுதான் வந்தாள். விளக்கைப் போட்டு, தகட்டின்மேல் குனிந்தாள். அவள் நிழல் சிவப்பின்மேல் விழுந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் தள்ளி நின்றிருந்தாள்.

திரும்பி கேமரா பக்கம் பார்த்தாள். பிறகு தகட்டை அப்படியே விட்டுவிட்டு, மடித்த துண்டை எடுத்துத் தாங்கியில் மறுபடி போட்டாள்.