அடுப்பில் போடச் சொன்ன தாள்

அந்தக் கோடையில் திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு நெசவாளர் தெருவில் ஒன்பது பேர் காலராவில் செத்துப்போனார்கள். அதிகாரிகள் அதைக் காலரா என்று சொல்லவே இல்லை. வெயில் காலத்து வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான் என்றார்கள். சாக்கடை கலந்த பொதுக்கிணற்றை மூடக்கூட ஆள் வரவில்லை.

எங்கள் ஊரில் அப்போது நாலு பக்க வாரப் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆசிரியர், அச்சுக் கோப்பவர், மிஷினை மிதிப்பவர் எல்லாம் ஒரே ஆள். அவர்தான் அந்த ஒன்பது பேரின் வயது, வீட்டு எண், செத்த நாள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, ‘இது காலரா இல்லையா?’ என்று மேலே கேட்டிருந்தார். பத்திரிகை வந்த மறுநாள் கிணற்றை மூடினார்கள். அதற்கு அடுத்த நாள், வதந்தி கிளப்பிப் பீதியைப் பரப்பினார் என்று அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிறவள். அந்தப் பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதியிருந்ததால் அச்சகத்தில் எனக்குச் சலுகை உண்டு. “வக்கீலம்மா வாராங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா” என்பார் ஆசிரியர். அச்சகத்தில் அவரைத் தவிர ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

செய்தியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். வகுப்புக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் கூடினோம். நீதி, பத்திரிகைச் சுதந்திரம் என்று தொண்டை வறளப் பேசினோம். கல்லூரி முதல்வர் வந்து, “பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். குற்றவியல் பேராசிரியர் மட்டும் இலவச சட்ட உதவிக் குழுவின் அறையைத் திறந்துவிட்டார்.

அங்கே உட்கார்ந்து தண்டனைச் சட்டத்தைப் புரட்டி, அந்த விதிவிலக்கை நான்தான் கண்டுபிடித்தேன். சொன்னது உண்மை என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, கெட்ட எண்ணம் இல்லாமல் சொல்லியிருந்தால் அது குற்றமே இல்லை. கத்தியேவிட்டேன்.

“நம்புனதுக்குக் காரணம்னு எதைக் காட்டுவ?” என்றார் பேராசிரியர்.

“அந்த ஒம்பது பேர் பட்டியல் அவருக்கு எழுத்துல வந்திருக்கு. அதை, சார்.”

“நகலா, மூலமா?”

நகல் இளப்பம், மூலம்தான் பேசும் என்று சாட்சியச் சட்ட வகுப்பில் எங்களுக்கு ஊட்டி வளர்த்திருந்தார்கள். “மூலத்தையே கொண்டு வாரேன் சார்” என்றேன். அந்தப் பட்டியலை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆசிரியரின் மனைவி அச்சு எழுத்துப் பெட்டிக்கு அடியிலிருந்து அதை எடுத்தார்.

“இதை அடுப்புல போடச் சொல்லிவிட்டாரு பாப்பா. இருந்த கொதிப்புல நாந்தான் மறந்துட்டேன்.”

“ஐயோ அக்கா, இதையா எரிப்பீங்க? அவரை வெளிய கொண்டாரப் போறதே இதுதானே!”

“அவரு காரணம் இல்லாமச் சொல்ல மாட்டாரே…”

“சட்டம் தெரியாமச் சொல்லிருப்பாருக்கா.”

கோடு போட்ட ஒற்றைத் தாள். அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டி, வலப்பக்கம் சாய்ந்த நீல எழுத்து. தாளின் தலையில் பொடியாக ஒரு சிலுவை, பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில். கான்வென்ட்டில் என்னோடு படித்தவர்கள் பரீட்சைத் தாளில் போடுவதுபோல. பேர் இல்லை, கையெழுத்து இல்லை. யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

பட்டியலைக் கடைசித் தாளாக இணைத்து நான் எழுதிய மனுவில், எங்கள் கல்லூரியில் படித்த வக்கீல் ஒருவர் கையெழுத்துப் போட்டார். கோர்ட்டில் அரசு வக்கீலுக்குப் பக்கத்தில் நின்ற சுகாதார ஆய்வாளர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘ஆள் பயந்துட்டாரு’ என்று தோழியின் கையைக் கிள்ளினேன்.

ஜாமீன் கிடைத்தது. ஜெயில் வாசலில் மாலையோடு நின்றோம். ஆசிரியர் இளைத்திருந்தார், ஆனால் சிரித்தார். “எதை வச்சு அம்புட்டுச் சீக்கிரம் வாங்குனீங்க, வக்கீலம்மா?”

“பட்டியலோட மூலத்தையே வச்சோம் சார்!”

அவர் மாலையைக் கழற்றினார். “பத்து நாளா அடிச்சு அடிச்சுக் கேட்டாங்ய. அந்தப் புள்ள பேரை நான் சொல்லலையே பாப்பா” என்றார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். மாலை என் கையில் இருந்தது.

அந்த வட்டாரத்து நர்ஸ் எழுதிய பட்டியல் அது. வீடு வீடாக ஏறி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தவள். வாராவாரம் அவள் எழுதித் தருகிற அறிக்கையைப் படிக்கிறவர்தான் அந்த ஆய்வாளர். அந்தச் சாய்ந்த எழுத்தும் சிலுவையும் அவருக்கு மனப்பாடம். அலுவலக ரகசியத்தை வெளியே கொடுத்தாள் என்று ஒரே வாரத்தில் சஸ்பெண்ட் செய்தார்கள்.

நான் போனபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். தாளைக் கோர்ட்டில் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள்.

“உங்களுக்காக ரிட் போடுறோம் அக்கா. காலேஜே நிக்கும். நாளைக்கே எழுதிர்றேன்.”

“வேணாம்மா. நீ எழுதுனது ஒண்ணு போதும்.”

கோபமே இல்லாத குரல். டிரங்குப் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, “தெருக்கோடி வீட்டுல ஒரு கைப்பிள்ளைக்கு வயித்துப்போக்கு இன்னும் நிக்கல. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுக்கச் சொல்லிட்டுப் போ” என்றாள்.

போனேன். தறிக் குழியிலிருந்து ஏறி வந்த அந்தப் பிள்ளையின் அம்மா, நான் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தபடி, “நர்ஸம்மா ஏன் வரல?” என்றாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னதையே மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

இது என் கடைசி வருடம். எங்கள் ஜாமீன் மனுவைக் கல்லூரியில் மாதிரி மனுவாக வைத்திருக்கிறார்கள். முதல் வருடத்துப் பிள்ளைகளிடம் பேராசிரியர் அதைக் கைமாற்றிக் காட்டுகிறார், என் பேரைச் சொல்லி. போன வாரம் போய், கடைசித் தாளை மட்டும் எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன்.

“அது இல்லாட்டி அது மனுவே இல்லையேம்மா” என்றார்.

முன்பெஞ்சில் ஒரு பெண் அந்தத் தாளை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நகல்தான். சிலுவை அதிலும் தெளிவாக விழுந்திருந்தது.